டைட்டான இடத்துக்கு ஒரு திருப்புளி

என் வலது கைக்கு என்மேல் மரியாதை போய்விட்டது என்பது ஒரு டீ டம்ளரால்தான் முதலில் தெரிந்தது. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடத்தில், கான்ட்ராக்டர் மூலமாக எனக்கு மெயின்டெனன்ஸ் வேலை. மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்துத் திருகாணி முறுக்குவது, டிராயர் பூட்டு மாற்றுவது, நாற்காலிக்குச் சக்கரம் போடுவது. அன்று காலை டீயை வாங்கினேன். அடுத்து பார்த்தால் டம்ளர் தரையில் கிடக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று எனக்கும் தெரியவில்லை, கைக்கும் தெரியவில்லை.

"டீ நல்லா இல்லன்னா வாயால சொல்லலாமேண்ணா" என்றார் கூட வேலை செய்தவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. தலையில் முடி குறையக் குறைய வாயில் பேச்சு கூடிக்கொண்டே வந்த காலம். அந்தக் கட்டடத்தில் என்னைத் தமாஷ் அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். என்ன வேலை என்று கேட்டார். ஸ்க்ரூ முறுக்குகிற வேலை என்றேன். "அதை நிறுத்துங்க" என்றார். வேலையையா, முறுக்குவதையா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபரேஷன் செய்தால் இரண்டு மாதம் கையை ஆட்டக் கூடாதாம். இரண்டு மாதம் வராத ஆளின் இடத்தில் மூன்றாம் நாளே வேறு ஆளைப் போட்டுவிடுவார் கான்ட்ராக்டர். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டீயைப் பற்றிக் கிண்டல் செய்த அந்த மனிதர்தான் என் ஜோடி. வீட்டில் ஒரு ஜோடி, வேலையில் ஒரு ஜோடி என்று சொல்லிக்கொள்வேன். ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. காலையில் ஒரே பஸ், சாயங்காலம் ஒரே பஸ். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரைப் பாய் என்பேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். என் கையின் சங்கதி அந்தக் கட்டடத்தில் அவருக்கு மட்டும் தெரியும். சொல்லித் தெரிந்ததில்லை. திருகாணி கடைசிச் சுற்றுக்கு வரும்போது நான் டார்ச்சை எடுத்துக்கொள்வதையும் திருப்புளியை அவர் பக்கம் நீட்டுவதையும் பார்த்தே புரிந்துகொண்டுவிட்டார். ஏழெட்டு மாதம் அப்படியே ஓடியது. நான் பேசுவேன், அவர் முறுக்குவார். யார் பார்த்தாலும் இரண்டு பேர் வேலை செய்வது போலத்தான் தெரியும்.

அந்த ஏற்பாட்டில் மண் விழுந்தது ஒரு புதன்கிழமை. எங்கள் சூப்பர்வைசர் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த பையன், இருபத்தாறு வயது இருக்கும். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"அங்கிள், அடுத்த மாசத்துல இருந்து இந்த பில்டிங்குக்கு ஒரு ஆள் போதும்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு. இந்த சனிக்கிழமை மூணாவது மாடியில எல்லா டேபிளுக்கும் கீபோர்டு ட்ரே மாட்டணும். ஆளுக்கு ஒரு பக்கம். உங்களுக்கு லெஃப்ட் சைடு, அவருக்கு ரைட் சைடு, ஜாப் கார்டுல எழுதிட்டேன். யார் வேலை சுத்தமா இருக்கோ அவங்க இங்க இருக்கட்டும்."

"இன்னொருத்தர் சார்?"

"வேற சைட்ல இடம் வந்தா பார்ப்போம்" என்றார். இடம் வராது என்பதை நாங்கள் மூன்று பேருமே தெரிந்து வைத்திருந்தோம்.

ஒரு பக்கத்துக்கு முப்பது மேஜை. ஒரு ட்ரேக்கு நான்கு திருகாணி, முன்னால் இரண்டு, பின்னால் மூலையில் இரண்டு. நூற்றிருபது திருகாணி. என் கை பத்தாவதிலேயே மரத்துப்போகும். பேட்டரித் திருப்புளி ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

என் மனைவி ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் பதினாறு வருடம் அசெம்பிளி லைனில் இருந்தவள். ஃபேக்டரியை மூடுகிற வரை தினமும் ஆயிரக்கணக்கில் திருகாணி போட்டவள். தலைக்கு மேலே ஸ்பிரிங்கில் திருப்புளி தொங்குமாம், இழுத்து அழுத்தினால் போதுமாம். அவளிடம் யோசனை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சொல்லிவிட்டு மட்டும் கிளம்பினேன்.

"எடத்தை அளந்தீங்களா?" என்றாள்.

"எந்த எடத்தை?"

"மெஷின் உள்ள போற எடத்தை. இன்னா எடம்னு தெரியாம இன்னாத்த வாங்குவீங்க?"

"மாப்பிள்ளைக்கா பொண்ணு பார்க்கப் போறேன்? திருப்புளி வாங்கப் போறேன்மே" என்றேன். நல்ல ஜோக் என்று அப்போது தோன்றியது.

எஸ்.பி. ரோட்டில் அந்தக் கடை ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டிய அகலம். கல்லாவில் சேட். "ஏன் பேக்கு?" என்றார். கன்னடத்தில் என்ன வேண்டும் என்று அர்த்தம். தமிழ்க் காதில் விழுந்தால் ஏன்டா மடையா என்பது போலிருக்கும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது பழகிப்போன ஒன்றுதான். ஆனால் அன்று அவர் கேட்டது எந்த பாஷையில் என்று இன்றைக்கும் சந்தேகமாக இருக்கிறது.

"டைட் ஜாகக்கெ பேக்கு" என்றேன். டைட்டான இடத்துக்கு வேண்டும். சேட்டுக்கு ஜாகா விழவில்லை, டைட் மட்டும் விழுந்தது.

"டைட்டா? ஃபுல் டைட் ஆகும் சார்! இத பாருங்க!"

தமிழ் கலந்து ஆரம்பித்துவிட்டார். அலமாரியிலிருந்து துப்பாக்கி மாதிரி ஒன்றை எடுத்தார். கீழே செங்கல் கனத்துக்கு பேட்டரி. ஒரு தேக்குக் கட்டையில் நீளமான திருகாணியை வைத்து அழுத்தினார். கிர்ரென்று ஒரு சத்தம். திருகாணி தலையோடு கட்டைக்குள் முங்கிப் போனது.

"உம்? டைட்டா இல்லியா?"

நான் கேட்டது இது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் துப்பாக்கியை என் கையில் கொடுத்துவிட்டார். விசையை அழுத்தினேன். எட்டு மாதமாக ஒரு பாட்டில் மூடியைத் திறக்க முடியாத கை அது. அந்தக் கையில் இன்னொரு திருகாணி தேக்குக்குள் முங்கியது. எனக்கு வேண்டியிருந்தது சின்ன உருவம். அங்கே எனக்குக் கிடைத்தது பலம். பலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது கொஞ்சம் பெரிசா இருக்கே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒன்று இருந்தது. அதைக் காட்டி என்ன என்று கேட்டேன். "அது லேடீஸ் சாமான் சார்" என்றார் சேட். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சனிக்கிழமை மூன்றாவது மாடியில் யாரும் இல்லை. ஏசி மட்டும் ஓடியது. பாய் என் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"இன்னாண்ணா, திருட்டுப் பயல சுடப் போறீங்களா?"

"வயசானவன் பாய். ஒரு பாதுகாப்புக்கு."

சிரித்துக்கொண்டே டார்ச்சோடு என் பக்கத்து மேஜைகளின் அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தபோது சிரிப்பு இல்லை.

"அண்ணா, உங்க சைடுல பின்னால குறுக்கே இரும்புச் சட்டம் ஓடுது. கையே பூராது. நீங்க என் சைடு எடுத்துக்குங்க. அங்க சட்டம் இல்ல."

"கார்டுல வேற மாதிரி போட்டிருக்கே?"

"கார்டு இன்னா கார்டு. யாரு பார்க்கப் போறா."

ஒரு வேலைக்கு இரண்டு பேர் போட்டி. அதில் எதிராளிக்கு லேசான பக்கத்தைக் கொடுத்துவிட்டுத் தன் குட்டைத் திருப்புளியோடு இடது பக்கம் போனார் பாய். நான் வலது பக்கம் போனேன்.

முன் திருகாணிகள் பறந்தன. கிர்ரென்று ஒரு சத்தம், அடுத்தது. கிர்ர், அடுத்தது. ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. முடிந்த பிறகும் திருகாணி நிற்காமல் சுற்றியது. மூக்கின்மேல் மாவு மாதிரி என்னவோ கொட்டியது. சேட் கடையில் இருந்தது தேக்கு. இந்த மேஜைகள் மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை. அளவுக்கு மேல் முறுக்கினால் ஓட்டை பொடியாகி உதிர்ந்துவிடும். கொட்டியது அதுதான். நான் தும்மிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனேன்.

பின் மூலைகளுக்குள் துப்பாக்கி நுழையவில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் தடுப்புப் பலகை இருந்தது. நேராக வைத்தால் பேட்டரி இடித்தது, சாய்த்தால் திருகாணியின் தலை வழுக்கியது. முதல் மேஜையில் கால் மணி நேரம் போராடினேன். பிறகு பின்னால் இருப்பதை விரலால் இரண்டு சுற்று சுற்றி நிறுத்திவிட்டு, முன்னால் இருப்பதை இன்னும் கொஞ்சம் டைட் வைத்தேன். முன்னால் பிடித்துக்கொண்டால் பின்னால் எங்கே போகும் என்று கணக்கு.

மூன்று மணிக்கு முடித்துவிட்டேன். பாய்க்கு இன்னும் பதினோரு மேஜை பாக்கி. ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே அவருக்குக் கதை சொன்னேன். மேஜைக்கு அடியிலிருந்து அவர் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முதல் ட்ரே விழுந்தது. ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது கீபோர்டு அப்படியே மடியில் இறங்கியதாம். அடுத்து ஜன்னலோரம் ஒன்று. மதியத்துக்குள் பதினான்கு. மேஜைக்கு அடியில் குண்டு வைத்த மாதிரி எல்லோரும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டைட் ஜாஸ்தியானால் லூஸு ஆகிவிடும் என்பது சாராயக் கடைக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் என்று நினைத்திருந்தேன்.

விழுந்ததெல்லாம் வலது பக்கம். இடது பக்கத்தில் ஒன்றுகூட அசையவில்லை.

சூப்பர்வைசர் கார்டுகளோடு வந்தார். எங்கள் இரண்டு பேரையும் அந்த மேஜைகளுக்கு நடுவில் நிற்கவைத்தார்.

"ரைட் சைடு..." கார்டைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார். "நீங்களா பாய் இப்படி? உங்ககிட்ட இதை எதிர்பார்க்கல."

பாய் என்னைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. அண்ணன் இப்போ சொல்லுவார் என்று காத்திருக்கிற பார்வை. அந்த நேரத்தில் என் காலடியில் ஒரு திருகாணி கிடப்பது கண்ணில் பட்டது. அதை எடுக்கக் குனிந்தேன். விரல் மரத்திருந்தது, இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவையும் வழுக்கியது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் மூன்றாவது தடவை நானே விட்டேன். தலைக்கு மேலே பாயின் குரல் கேட்டது.

"ஆமா சார். என் சைடுதான்."

நிமிர்ந்தபோது பேச்சு முடிந்திருந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தோம். பாதி தூரம் வந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் எதுவும் முடிவாகலண்ணா" என்றார். "நாளைக்குக் காலையில சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மெஷின் மேல போட்டுருங்க. உங்க கையைப் பத்திச் சொல்ல வேணாம்."

"சொல்லிடறேன் பாய்" என்றேன். நிஜமாகவே சொல்வதாகத்தான் இருந்தேன்.

மறுநாள் காலை நான் வாயைத் திறக்கும் முன்னால் சூப்பர்வைசர் திறந்தார். "அங்கிள், ரைட் சைடை நீங்கதான் சரி பண்ணித் தரணும். உங்க சைடு மாதிரியே பண்ணிடுங்க." என் சைடாம். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டேன். அன்று பாய்க்கு கீழ்த்தளத்தில் நாற்காலி துடைக்கிற வேலை கொடுத்திருந்தார்கள்.

வீட்டில் மனைவியிடம் பாதி சொன்னேன். ட்ரே விழுந்ததைச் சொன்னேன், யார் பெயரில் விழுந்தது என்பதைச் சொல்லவில்லை. அவள் துப்பாக்கியை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு நிக்கத் தெரியலீங்களே. ஸ்க்ரூ உக்காந்ததும் டக்குனு நின்னுடணும். நிக்கத் தெரியாத மெஷினை வெச்சுக்கினு இன்னா பண்ணுவீங்க?"

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு அவளையும் கூட்டிக்கொண்டு சேட்டிடம் போனேன். மாற்றிக் கொடுக்க அவர் முகத்தைச் சுளித்தார். இவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. கண்ணாடிப் பெட்டியில் இருந்த லேடீஸ் சாமானை எடுக்கச் சொன்னாள்.

"எவ்ளோ எடம்னு கையால காட்டுங்க" என்றாள் என்னிடம்.

கடைக்கு நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிராக நிறுத்தி, மேஜைக்கும் தடுப்புக்கும் நடுவில் இருக்கிற சந்து இவ்வளவு என்று காட்டினேன். அந்தச் சந்துக்குள் திருப்புளியை நுழைத்துப் பார்த்தாள். நடுவில் ஒரு மடிப்பு இருந்தது, நேராகவும் நிற்கும், வளைந்தும் நிற்கும். வளைத்தால் ஒரு விரல் இடம் மிச்சம் இருந்தது. கழுத்தில் ஒன்று இரண்டு மூன்று என்று எண் போட்ட வளையம். இரண்டில் திருப்பி வைத்து, முனையை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினாள். டக் டக்கென்று சொடுக்குப் போட்டது, முனை சுற்றுவது நின்றுவிட்டது. சத்தம் எவ்வளவு, பலம் எவ்வளவு என்று அவள் பார்க்கவே இல்லை. நிற்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

"மேடம்க்கு வெவரம் தெரியுது" என்றார் சேட்.

"பதினாறு வருசம் லேடீஸ் சாமான்லதான் வேலை" என்றாள்.

வியாழனும் வெள்ளியும் அந்த முப்பது மேஜையையும் சரி செய்தேன். பொடிந்துபோன ஓட்டைக்குள் பசை தடவின தீக்குச்சியை ஒடித்துச் சொருகி, காயவைத்து, புதிதாகத் திருகாணி போட்டேன். பின் மூலைக்குள் அந்தக் குட்டிச் சாமான் எலி மாதிரி நுழைந்தது. இரண்டாம் நம்பரில் வைத்து அழுத்தினால் திருகாணி உட்காரும், டக்கென்று நிற்கும். கை மரத்துப்போகவே இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலை எது என்று யாராவது கேட்டால் அந்த முப்பது மேஜையைத்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் டார்ச்சோடு குனிந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். "சூப்பர் அங்கிள்" என்றார். "பாயோட கணக்கை இன்னிக்கே முடிக்கச் சொல்லிட்டாங்க. சொல்லிட்டேன் அவர்கிட்ட."

அப்போதுதான் சொன்னேன். செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள் தொண்டையில் நின்றதை, அது உதவாது என்று ஆன பிறகு சொன்னேன்.

"சார், அந்த ரைட் சைடு நான் போட்டது. அன்னிக்கு மாத்திக்கிட்டோம். விழுந்ததெல்லாம் என்னுது. நிக்கறது அவருது."

அவர் முதலில் சிரித்தார். நான் எது சொன்னாலும் முதலில் சிரிப்பது அவருக்கு வழக்கம், அந்த வழக்கத்தை உண்டாக்கினதும் நான்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். தோளில் கை வைத்தார்.

"ஃப்ரெண்டுக்காக பழியைத் தூக்கித் தன் மேல போட்டுக்கறீங்க பாருங்க. இந்தக் காலத்துல இந்த மனசு யாருக்கு வரும் அங்கிள்? ஆனா என் கண்ணால பார்த்தேனே. நீங்க போட்டா எப்படி இருக்கும்னு இப்பத்தானே பார்த்தேன்."

இல்லை சார் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். கையை நீட்டி, இதைப் பாருங்கள், எட்டு மாதமாக இது முறுக்குவதில்லை என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் சீட்டு சட்டைப் பையில்தான் இருந்தது. நான் "தேங்க்ஸ் சார்" என்றேன்.

"பாய்க்கு வேலை போயிடுச்சாமே? ட்ரே விழுந்தது உங்களுதுன்னு சார்கிட்ட சொன்னீங்களா? இன்னாதான் நடக்குது அங்க?" என்று அன்றிரவு மனைவி கேட்டாள். தெருவில் யாரோ அவளிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"சொல்லிட்டேன்" என்றேன். அவள் நம்பினாள்.

அடுத்த வாரமெல்லாம் பஸ் ஸ்டாப்புக்குப் பின் தெரு வழியாகச் சுற்றிப் போனேன். ஒரு நாள் அதுவும் பலிக்கவில்லை. பாய் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தார். கையில் பால் பாக்கெட்.

"கணக்கை முடிக்க சார்கிட்ட கையெழுத்து போடப் போனேண்ணா" என்றார். "நீங்க எனக்காக பழியை உங்க மேல போட்டுக்கினு வாதாடினீங்கன்னு சொன்னாரு. உங்கள மாதிரி ஒரு ஆள் கெடைக்கறது கஷ்டம்னாரு."

அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கிறாரா என்று தேடினேன். சிரித்தால் நானும் சிரித்துவிடலாம்.

"நீங்க இன்னா சொன்னீங்க பாய்?" என்று கேட்டேன்.

"ஆமா சார்னு சொன்னேன்."

பாலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். எங்கள் பஸ் வந்தது. நான் ஏறினேன். அவர் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.